சிபிகே 1.33 என்று சொன்னால் போதுமா? பரவலும் செயல்முறைத் திறனும், ஓர் அறிமுகம்

தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரின் காதில் முதல் வாரத்திலேயே விழுந்துவிடும் கேள்வி, "சிபிகே எவ்வளவு வருது?" தயாராகும் பாகங்களின் அளவுகள் வரைபடம் அனுமதித்த எல்லைகளுக்குள் எவ்வளவு தாராளமாக அடங்குகின்றன என்று சொல்லும் எண்தான் சிபிகே (Cpk). 1.33க்கு மேல் என்றால் தலையாட்டுவார்கள், கீழே என்றால் முகம் சுளிப்பார்கள். இந்த எண்ணைக் கணக்கிடுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ரீடிங்குகளை எக்செலில் போட்டால் அரை நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் அந்த ரீடிங்குகள் எந்த வரிசையில் எடுக்கப்பட்டன, அவற்றின் பரவல் என்ன வடிவம், அளந்த கருவியை நம்பலாமா என்றெல்லாம் எக்செல் கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நாம்தான். கேட்காவிட்டால் சிபிகே என்பது வெறும் அலங்கார எண்.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

ஒரு லேத் மெஷினில் ஷாஃப்ட் கடைகிறார்கள். வரைபடம் கேட்கும் விட்டம் 20.00 மில்லிமீட்டர், டாலரன்ஸ் கூட்டியும் குறைத்தும் 0.05. அதாவது கீழ் எல்லை 19.95, மேல் எல்லை 20.05. அடுத்தடுத்து வந்த ஐந்து ஷாஃப்டுகளை மைக்ரோமீட்டரில் அளந்தால் 20.012, 20.004, 20.018, 20.009, 20.007 என்று வருகிறது. அதே மெஷின், அதே ஆப்பரேட்டர், அதே இரும்பு. இருந்தும் ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. டூல் முனை நுண்ணளவில் தேய்கிறது, இரும்பின் கடினத்தன்மை இடத்துக்கு இடம் சற்று மாறுகிறது, பாகத்தைப் பற்றிச் சுழற்றும் சக் பிடிக்கும் அழுத்தம் கூடிக் குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி ஏறினாலே 20 மில்லிமீட்டர் எஃகு ஏறத்தாழ 0.002 மில்லிமீட்டர் விரியும். அதனால்தான் அளவீடுகளுக்கான பொது வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மாறுபாட்டை ஒழிக்க முடியாது. அது எவ்வளவு, எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முடியும். நூற்றுக்கணக்கான ஷாஃப்டுகளை அளந்து, எந்த அளவில் எத்தனை விழுந்தன என்று கட்டைகளாக அடுக்கினால் கிடைப்பது ஹிஸ்டோகிராம். அந்தக் கட்டைகளின் பின்னால் தெரியும் ஒழுங்கைத்தான் புள்ளியியலில் பரவல் என்கிறோம்.

பரவல்களில் எல்லோருக்கும் தெரிந்தது மணி வடிவ இயல்நிலைப் பரவல். 1733இல் கணிதவியலாளர் த மாவர் இதன் கணித வடிவத்தைக் கண்டார். 1809இல் காஸ் வானியல் அளவீடுகளின் பிழைகளை விளக்க இதைப் பயன்படுத்தியபின் புகழ்பெற்றது. தொழிற்சாலையில் இது அடிக்கடி தலைகாட்டக் காரணம் உண்டு. ஒன்றையொன்று சாராத பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றாகக் கூடும்போது, எந்த ஒன்றும் மற்றவற்றை விஞ்சி நிற்காவிட்டால், மொத்த விளைவு மணி வடிவத்தை நெருங்கும். இந்த 'விட்டால்' முக்கியம். ஒரே காரணம் ஆதிக்கம் செலுத்தினால் மணி உடைந்துவிடும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மணி வடிவத்தை விவரிக்க இரண்டே எண்கள் போதும். மையம் எங்கே என்பதைச் சராசரி சொல்லும். எவ்வளவு அகலம் என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும்; வழக்கில் சிக்மா. சராசரிக்கு இருபுறமும் ஒரு சிக்மா தொலைவுக்குள் 68.27 சதவீதம், இரண்டு சிக்மாவுக்குள் 95.45, மூன்று சிக்மாவுக்குள் 99.73 சதவீதம் அடங்கும். மூன்று சிக்மாவைத் தாண்டி வெளியே நிற்பது 0.27 சதவீதம், அதாவது பத்து லட்சத்துக்கு 2700.

சிபி, சிபிகே

வரைபடம் ஓர் அகலத்தை அனுமதிக்கிறது. செயல்முறை ஓர் அகலத்தை எடுத்துக்கொள்கிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சிபி.

சிபி = (மேல் எல்லை − கீழ் எல்லை) ÷ (6 × சிக்மா)

நம் ஷாஃப்டில் அனுமதித்த அகலம் 0.10. சிக்மா 0.010 என்று வைத்துக்கொண்டால் 0.10 ÷ 0.06 = 1.67. நல்ல எண்தான். ஆனால் சராசரி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று சிபிக்குத் தெரியாது. சராசரி 20.00இல் இருந்தாலும் 20.20இல் இருந்தாலும் சிபி அதே 1.67தான், இரண்டாவதில் ஒரு ஷாஃப்ட்கூடத் தேறாது. அதைச் சரிக்கட்ட வந்ததுதான் சிபிகே. சராசரியிலிருந்து மேல் எல்லைக்கு எவ்வளவு தூரம், கீழ் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்று தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் மூன்று சிக்மாவால் வகுத்து, எது சின்னதோ அதை எடுத்துக்கொள்வது.

மேலே சொன்ன ஐந்து ரீடிங்கின் சராசரி 20.010. மொத்தச் சராசரியும் அதுவேதான் என்று கொள்வோம். மேல் எல்லைக்கு 0.04 மிச்சம், 0.04 ÷ 0.03 = 1.33. கீழ் எல்லைக்கு 0.06 மிச்சம், 0.06 ÷ 0.03 = 2.00. சிறியது 1.33, அதுதான் சிபிகே. சராசரி இன்னும் 0.01 நகர்ந்து 20.02 ஆனால் சிபிகே 1.00க்கு இறங்கிவிடும். மெஷினின் திறமை ஒரு துளிகூடக் குறையவில்லை. வைத்த இடம்தான் தப்பு.

சராசரி நடுவில் இருந்து, பரவல் உண்மையிலேயே மணி வடிவமாக இருந்தால், சிபிகே 1.00 என்பது பத்து லட்சத்துக்கு 2700 கழிவு. 1.33 என்றால் சுமார் 63. 1.67க்கு ஒன்றுக்கும் குறைவு. வாகன உதிரிபாகத் துறையில் புதிய பாகத்துக்கு ஒப்புதல் தரும்போது 1.67க்கு மேல் தேவை, 1.33க்குக் கீழே ஏற்பில்லை, நடுவில் இருந்தால் வாடிக்கையாளர் முடிவு என்பது நீண்டநாள் நடைமுறை. மோட்டோரோலாவில் பிறந்த தர மேம்பாட்டு முறையான சிக்ஸ் சிக்மாவில் அடிபடும் 'பத்து லட்சத்துக்கு 3.4' வேறொரு கணக்கு. எல்லை ஆறு சிக்மா தொலைவில் இருந்தாலும் காலப்போக்கில் சராசரி ஒன்றரை சிக்மா நழுவும் என்று வைத்துக்கொண்டு, மிச்சமுள்ள நாலரை சிக்மாவுக்கு அப்பால் விழுவதைக் கணக்கிட்டது அது. ஏன் சரியாக ஒன்றரை என்று கேட்டால் உறுதியான பதில் இல்லை. அனுபவத்தில் ஒப்புக்கொண்ட எண் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நிலைத்தன்மை, பிறகுதான் திறன்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். சிபிகே என்பது ஒரு முன்கணிப்பு: 'இந்தச் செயல்முறை இனியும் இப்படித்தான் நடக்கும்' என்ற நம்பிக்கையில் தரப்படும் எண். நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி ஓடும் மெஷினுக்கு அப்படி ஒரு எண்ணைத் தர நமக்கு என்ன உரிமை?

வால்டர் ஷூவார்ட் 1924 மே மாதம் ஒரு பக்கக் குறிப்பில் முதல் கட்டுப்பாட்டு வரைபடத்தை, அதாவது அளவுகளை நேர வரிசையில் புள்ளிகளாகக் குறித்து மேலும் கீழும் எல்லைக் கோடுகள் போட்ட படத்தை, வரைந்து காட்டினார். அவர் பிரித்துக் காட்டியது இரண்டு வகை மாறுபாடு. எப்போதும் கூடவே இருக்கும் பொதுக் காரணங்களால் வருவது ஒன்று. திடீரென்று உள்ளே நுழைந்த தனிக் காரணத்தால் வருவது இன்னொன்று: டூல் முனை உடைந்தது, வேறு லாட் இரும்பு வந்தது, ஷிஃப்ட் மாறியவர் ஆஃப்செட்டை (டூலின் இடத்தைத் திருத்தும் அமைப்பு) தொட்டார். முதல் வகை மட்டும் இருந்தால் செயல்முறை கட்டுக்குள் இருக்கிறது என்கிறோம்.

நடைமுறையில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்தடுத்த ஐந்து பாகங்களை எடுத்து அளப்பார்கள். ஒவ்வொரு ஐந்துக்கும் சராசரி ஒன்று. பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வீச்சு ஒன்று. மேலே உள்ள ஐந்தில் வீச்சு 0.014. இப்படி 25 குழுக்கள் சேர்ந்ததும் வீச்சுகளின் சராசரி 0.0233 வந்தால், குழுவில் ஐந்து இருப்பதால் அதற்கென அட்டவணையில் உள்ள மாறிலி 2.326ஆல் அதை வகுக்க வேண்டும். கிடைக்கும் 0.010தான் நாம் இதுவரை பயன்படுத்திய சிக்மா. ஐந்தின் சராசரி தனி ரீடிங்கைவிடக் குறைவாக ஆடும் என்பதால் மூன்று சிக்மாவை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுக்கிறோம்; குழுச் சராசரிகளுக்கான கட்டுப்பாட்டு எல்லைகள் 20.010க்கு இருபுறமும் 0.0134 தொலைவில் விழும்: 19.997, 20.023.

கட்டுப்பாட்டு எல்லையையும் வரைபட எல்லையையும் ஒரே தாளில் வரைந்து குழம்புவது அடிக்கடி நடக்கும். முதலாவது செயல்முறை தானாகக் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது வடிவமைப்பாளர் தீர்மானித்தது. ஒரு குழுவின் சராசரி 20.030 வந்தால் அந்த ஐந்து பாகமும் வாடிக்கையாளருக்குப் போகலாம், ஒரு குறையும் இல்லை. ஆனால் மெஷினில் ஏதோ மாறிவிட்டது என்று அர்த்தம், போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

இதிலிருந்தே இன்னொரு சிக்கலும் முளைக்கிறது. குழுவின் உள்ளே இருக்கும் வீச்சிலிருந்து எடுத்த சிக்மா, அடுத்தடுத்த பாகங்களுக்கு இடையே உள்ள மாறுபாட்டை மட்டுமே சொல்லும். காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசம், லாட்டுக்கு லாட் உள்ள வித்தியாசம் அதில் சேராது. எல்லா 125 ரீடிங்கையும் ஒன்றாகக் கொட்டித் திட்ட விலக்கம் கணக்கிட்டால் அது 0.0125 என்று வரலாம். இந்தப் பெரிய சிக்மாவை வைத்துக் கணக்கிடுவதற்குப் பெயர் பிபி, பிபிகே. நம் உதாரணத்தில் பிபி 1.33, பிபிகே 1.07. சிபிகே 1.33 என்று மார்தட்டிய அதே மெஷின்!

இரண்டில் எது நிஜம்? வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேருவது பிபிகே சொல்லும் மாறுபாடு. மெஷினைக் கட்டுக்குள் வைத்தால் எட்டக்கூடியது சிபிகே. என்னைக் கேட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்வேன். இடைவெளி பெரிதாக இருந்தால் நேரத்தோடு எதுவோ நகர்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சிபிகே மட்டும் எழுதி அனுப்பும் ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கு மற்றதைக் கேட்கத் தோன்றும்.

மணி வடிவம் இல்லாதபோது

இப்போது பரவலின் வடிவத்துக்கு வருவோம். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

சமதளத்தன்மை, வட்டத்தன்மை, ரன்அவுட் (சுழலும்போது தெரியும் ஆட்டம்) போன்றவை பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத அளவுகள். நல்ல மெஷினில் ரீடிங்குகள் பூஜ்யத்தை ஒட்டிக் குவியும். வலப்பக்கம் மட்டும் வால் நீளும். ஒரு தட்டின் சமதளத்தன்மைக்கு மேல் எல்லை 0.05 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 0.015, சிக்மா 0.010. வழக்கமான வாய்பாட்டில் போட்டால் சிபிகே 1.17, மணி வடிவக் கணக்குப்படி பத்து லட்சத்துக்கு சுமார் 230 கழிவு. ஆனால் சராசரியிலிருந்து மூன்று சிக்மா கீழே போனால் வருவது மைனஸ் 0.015. சமதளத்தன்மை மைனஸில் வருமா? இந்த ஒரு கேள்வி போதும், மணி பொருந்தவில்லை என்று காட்ட.

அதே சராசரியும் அதே சிக்மாவும் கொண்ட மடக்கை இயல்நிலைப் பரவல் (மடக்கை எடுத்தால் மணி வடிவம் தருவது, வலப்பக்கம் வால் நீண்டது) இந்தத் தரவுக்குப் பொருந்துகிறது என்றால் கணக்கு தலைகீழாகிறது. 0.05ஐத் தாண்டுவது நூற்றுக்கு 1.1, அதாவது பத்து லட்சத்துக்குச் சுமார் 11,000. 230 எங்கே, 11,000 எங்கே! இத்தகைய பரவல்களுக்கு ஆறு சிக்மாவுக்குப் பதிலாக 0.135ஆம், 99.865ஆம் சதமானங்களை, அதாவது ரீடிங்குகளில் அத்தனை சதவீதம் எந்த அளவுக்குக் கீழே விழுகிறதோ அந்த அளவுகளை, எடுத்துக்கொள்வார்கள். மணி வடிவத்தில் மூன்று சிக்மா எல்லைகள் விழும் இடங்கள் அவையே. சராசரிக்குப் பதிலாக இடைநிலை, அதாவது பாதி ரீடிங்குகள் கீழும் பாதி மேலும் நிற்கும் நடு அளவு. இந்தத் தட்டில் இடைநிலை 0.0125, 99.865ஆம் சதமானம் 0.077. மேல் எல்லைக்கு உள்ள தூரத்தை, இடைநிலையிலிருந்து அந்தச் சதமானத்துக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் சுமார் 0.58. பாஸ் ஆகிவிட்டது போலத் தெரிந்த 1.17 உண்மையில் இந்த நிலை.

எதிர்ப்பக்கமும் உண்டு. டூல் தேய்மானம் ஆதிக்கம் செலுத்தும் மெஷினில் விட்டம் சீராக ஏறிக்கொண்டே போகும், மேல் எல்லையை நெருங்கும்போது ஆப்பரேட்டர் ஆஃப்செட் கொடுத்துக் கீழே இறக்குவார், மறுபடி ஏறும். ஹிஸ்டோகிராமில் மணி தெரியாது, மேசை மாதிரித் தட்டையாக இருக்கும். டாலரன்ஸ் முழுவதையும் சரியாக நிரப்பும் தட்டைப் பரவலுக்கு வாய்பாட்டில் வரும் சிபி 0.58தான். ஆனால் ஒரு பாகம்கூட எல்லை தாண்டவில்லை. சமதளத்தன்மையிலும் 0.58, இங்கேயும் 0.58; அங்கே நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் கழிவு, இங்கே பூஜ்யம். அதற்காக இந்த மெஷினைக் கொண்டாட வேண்டியதில்லை. ஆப்பரேட்டர் ஒரு தடவை ஆஃப்செட் தர மறந்தால் கதை முடிந்தது.

இரண்டு முகடுகள் தெரிந்தால் இரண்டு வெவ்வேறு மூலங்கள் கலந்திருக்கின்றன: இரண்டு ஸ்பிண்டில் (சுழலும் அச்சு), இரண்டு கேவிட்டி (அச்சுக்குழி), இரண்டு சப்ளையர். பிரித்துத் தனித்தனியாகக் கணக்கிடுவதைத் தவிர வழியில்லை.

நான் ஹிஸ்டோகிராமில் முதலில் தேடுவது வேறொன்று. எல்லைக்கு உள்ளே கடைசிக் கட்டை உயரமாக நிற்கும். எல்லையைத் தாண்டியதும் ஒன்றுமே இருக்காது, செங்குத்தாக வெட்டிவிட்டாற்போல். இயற்கையில் எந்த மெஷினும் அப்படி நிறுத்திக்கொள்ளாது. ஒன்று, எல்லை தாண்டியவற்றை யாரோ முன்கூட்டியே பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அல்லது 20.051 காட்டிய ரீடிங்கை 20.050 என்று எழுதியிருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. ரிஜெக்ட் எழுதினால் திட்டு விழும் இடத்தில் மனிதர்களின் கை இப்படித்தான் போகும். ஆனால் அந்தத் தரவில் கணக்கிட்ட சிபிகேவுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

எத்தனை பாகம், எந்தக் கருவி

30 பாகங்களை அளந்து சிபிகே 1.33 என்று போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 30 ரீடிங்கில் வந்த 1.33க்கு 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான சிபிகே இருக்கக்கூடிய வரம்பு) ஏறத்தாழ 0.97இலிருந்து 1.69 வரை. நல்ல மெஷினாகவும் இருக்கலாம், மோசமானதாகவும் இருக்கலாம் என்பதைத்தான் கௌரவமாகச் சொல்கிறோம். இரண்டாம் தசமத்தை வைத்து 1.31ஆ 1.34ஆ என்று வாக்குவாதம் நடக்கும்போது இதை நினைத்தால் சிரிப்பு வரும். 100 பாகம் அளந்தால் இடைவெளி சுருங்கும், ஆனாலும் 1.13இலிருந்து 1.53 வரை இருக்கும். தவிர, 'பத்து லட்சத்துக்கு 63' என்பதை 100 ரீடிங்கில் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. பரவலின் நடுப்பகுதியைப் பார்த்துவிட்டு, வால் எப்படி இருக்கும் என்று வாய்பாட்டின் தயவில் ஊகிக்கிறோம். வடிவத்தில் இவ்வளவு கண்டிப்பு காட்டச் சொல்வது அதனால்தான்.

அளக்கும் கருவியும் மாறுபாட்டில் தன் பங்கைச் சேர்க்கும். நாம் காணும் சிக்மாவின் வர்க்கம் என்பது, மெஷினின் சிக்மா வர்க்கமும் கருவியின் சிக்மா வர்க்கமும் கூடியது. கண்டது 0.010, கருவியுடையது 0.006 என்றால் மெஷினுடையது 0.008. சிபி 1.67 என்று நினைத்த மெஷின் உண்மையில் 2.08. மெஷினை மாற்றப் பணம் கேட்கும் முன் மைக்ரோமீட்டரையும் அதைப் பிடிக்கும் கைகளையும் சோதிப்பது மலிவு. ஒரே பாகங்களைப் பல பேர் பல தடவை அளந்து பார்க்கும் கேஜ் ஆர் அண்ட் ஆர் சோதனை இதற்காகத்தான்.

எண் குறைவாக வந்தால்

சிபி உயர்ந்தும் சிபிகே தாழ்ந்தும் இருந்தால் வேலை சுலபம். ஆஃப்செட்டை மாற்றிச் சராசரியை நடுவுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. ஷாஃப்ட் உதாரணத்தில் 0.01 இறக்கினால் 1.33 என்பது 1.67 ஆகிவிடும், ஒரு காசு செலவில்லாமல். சிபிகேவும் பிபிகேவும் விலகி நின்றால் கட்டுப்பாட்டு வரைபடத்தில் எந்த நேரத்தில் புள்ளிகள் தாவின என்று பார்த்து, அந்த நேரத்தில் என்ன மாறியது என்று தேட வேண்டும்; ஷிஃப்ட் பதிவேட்டில் பாதி விடை கிடைக்கும்.

சிபியே குறைவு என்றால்தான் கஷ்டம். சராசரியை எங்கே நகர்த்தினாலும் ஏதாவது ஒரு பக்கம் வழியும். ஆப்பரேட்டரைக் கவனமாக இருக்கச் சொல்வதால் சிக்மா குறையாது. ஒவ்வொரு ரீடிங்குக்கும் ஒருமுறை அவர் ஆஃப்செட்டைத் திருகினால் சிக்மா கூடத்தான் செய்யும். தற்செயல் மாறுபாட்டைத் துரத்தித் துரத்தித் திருத்துவது அதை இன்னும் பெருக்கிவிடும். ஸ்பிண்டில் பேரிங், ஃபிக்சர், டூல் தரம், மூலப்பொருள் என்று வன்பொருளில் கை வைக்க வேண்டும். இல்லையேல் வடிவமைப்பாளரிடம் போய், இந்த 0.05 உண்மையிலேயே தேவையா, பழைய வரைபடத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டதா என்று கேட்க வேண்டும். அது பழைய வரைபடத்திலிருந்து வந்ததாக இருக்கும் தடவைகள் பலரும் நினைப்பதைவிட அதிகம். இரண்டும் நடக்காதவரை ஒவ்வொரு பாகத்தையும் அளந்து பிரித்துத்தான் அனுப்ப முடியும். அந்தப் பிரிப்புக்கு ஆகும் கூலியையும் பாகத்தின் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.